ஓவன் இல்லாமல் பிஸ்கட் வீடு: பெங்களூரு பெற்றோர் கேள்விகளும் என் பதில்களும்

டிசம்பர் பாதியைத் தாண்டினால் நம் பெங்களூரு தமிழ்க் குடும்பங்களில் இதே பேச்சுதான். வீட்டில் ஓவன் இல்லை, பிள்ளைகளோ கிறிஸ்துமஸ் பிஸ்கட் வீடு கேட்டு நச்சரிக்கிறார்கள். குடியிருப்புக் குழந்தைகளுக்கு நான் ஆண்டுதோறும் இதைச் சொல்லிக்கொடுப்பதால் கேள்விகள் என்னிடம் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

அக்கா, மேரி பிஸ்கட்டில் கட்டிப் பார்த்தோம், நிற்கவே மாட்டேன் என்கிறது. எந்த பிஸ்கட் வாங்குவது? (கம்மனஹள்ளி)

வட்டத்தில் சுவர் எழுப்ப முடியாது. ஓரம் நேராக இருக்கிற பிஸ்கட்டாகப் பாருங்கள். சின்ன வீட்டுக்கு பார்லே-ஜி போதும், இன்னும் கொஞ்சம் உயரம் வேண்டுமானால் நைஸ் பிஸ்கட். கதவுக்கு போர்பன், கூரைக்கு க்ரீம் வேஃபர். ஐயங்கார் பேக்கரி ரஸ்க்கில் படிக்கட்டும் புகைபோக்கியும் நன்றாக வரும், சுவருக்கு வேண்டாம், அது உதிர்ந்துகொண்டே இருக்கும். முந்தின நாள் பிரித்து வைத்த பாக்கெட் நமத்துப் போயிருக்கும், அன்றைக்குப் பிரிப்பதைத்தான் எடுங்கள். ஓரம் கோணலாக இருந்தால் துருவியின் பொடிப் பக்கத்தில் மெதுவாகத் தேய்த்துச் சமன் செய்யலாம். வெட்ட வேண்டுமானால் ரொட்டிக் கத்தியால் ரம்பம் போல அறுக்க வேண்டும், அழுத்தினால் இரண்டாகப் போய்விடும்.

முட்டை சேர்க்காத வீடு எங்களுடையது. எதை வைத்து ஒட்டுவது? (மல்லேஸ்வரம்)

பிஸ்கட்டைப் பற்றி எல்லாரும் இவ்வளவு யோசிக்கிறார்கள், வீடு நிற்பதும் விழுவதும் சாந்தில்தான் இருக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

வெளிநாட்டு வீடியோக்களில் காட்டுவது ராயல் ஐசிங். ஒரு முட்டை வெள்ளைக்கருவுக்கு 200 முதல் 250 கிராம் ஐசிங் சர்க்கரை, சில சொட்டு எலுமிச்சைச் சாறு. கரண்டியைத் தூக்கினால் முனை அப்படியே நிற்கும் வரை அடிக்க வேண்டும். காய்ந்தால் கல் மாதிரி பிடிக்கும். ஆனால் அது பச்சை முட்டை, சால்மோனெல்லா கிருமிக்கு இடம் உண்டு. விரலை நக்கிக்கொண்டே கட்டுகிற பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்க எனக்கு மனம் வராது. முட்டை சாப்பிடும் வீடு என்றால் பேக்கிங் சாமான் கடையில் மெரிங் பவுடர் வாங்கிக்கொள்ளலாம். அது பதப்படுத்திய உலர் வெள்ளைக்கரு.

உங்களுக்கு நான் சொல்வது வெள்ளை காம்பவுண்ட் சாக்லேட். அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு இருப்பதால் உருக்கி ஆற வைத்தாலே இறுகிவிடும், அசல் சாக்லேட்டைப் போலச் சூட்டை ஏற்றி இறக்கிப் பக்குவப்படுத்தும் வேலை இல்லை. தண்ணீர் சத்தும் கிடையாது, அதனால் பிஸ்கட் நமக்காது. ஒரு பாத்திரத்தில் வெந்நீர், அதன் மேல் கிண்ணம், கிண்ணத்தின் அடி தண்ணீரில் படக்கூடாது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே விழுந்தாலும் முழுவதும் திரிந்து கட்டியாகிவிடும், ஈரக் கரண்டியும் ஆகாது. உருகியதைக் கெட்டியான பிளாஸ்டிக் கவரில் ஊற்றி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் மூலையைக் கத்தரித்துப் பிழியக் கொடுங்கள்.

ஐசிங் சர்க்கரையைப் பாலில் குழைத்தும் ஒட்டலாம். ஒரு கப்புக்கு ஒன்றரை மேசைக்கரண்டி பாலைத் தாண்ட வேண்டாம். அலங்காரத்துக்கு அது போதும், சுவரைத் தாங்கப் பலம் பத்தாது.

சர்க்கரைப் பாகு காய்ச்சி ஒட்டலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது வேண்டவே வேண்டாம். அது 160 டிகிரிக்கு மேல் கொதிக்கிற பொருள், தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டே சுடும்.

சுவர் நிற்கிறது, கூரை வைத்ததும் சரிகிறது. (எலெக்ட்ரானிக் சிட்டி)

அவசரம்தான் காரணம். சுவர்களை ஒட்டி, உள்ளேயும் வெளியேயும் டம்ளரை அணை கொடுத்து, காம்பவுண்ட் என்றால் அரை மணி நேரம், ஐசிங் என்றால் ராத்திரி முழுவதும் விடுங்கள். சரி, அதுவரை பிள்ளைகளை எப்படிப் பிடித்து வைப்பது? அதனால்தான் கூடு கட்டும் வேலையை முந்தின இரவே பெரியவர்கள் முடித்துவிட வேண்டும் என்கிறேன், காலையில் அலங்காரம் மட்டும் அவர்கள் பாடு. பெங்களூரு டிசம்பர் குளிருக்கு நன்றாகவே இறுகும். இன்னொன்று, கூரையில் மிட்டாய் ஒட்டுவதாக இருந்தால் கூரையைத் தட்டில் படுக்க வைத்தே ஒட்டி முடித்து, அப்புறம் மேலே ஏற்றுங்கள்.

மூன்று வயது மகன். அவனையும் சேர்த்துக்கொள்ளலாமா? (ஹெப்பால்)

தாராளமாக. 200 மில்லி ஜூஸ் டப்பாவைக் கழுவித் துடைத்து, அலுமினியத் தாள் சுற்றி நடுவில் நிறுத்துங்கள். அதன் மேல் பிஸ்கட்டை ஒட்டச் சொன்னால் எப்படி ஒட்டினாலும் வீடு விழாது. ஆனால் அந்த வயதில் உருண்டையான கெட்டி மிட்டாய், முழு வேர்க்கடலை, மார்ஷ்மெலோ எதையும் கைக்கெட்டும் தூரத்தில் வைக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். பொடியாக நறுக்கிய டூட்டி ஃப்ரூட்டி, அவல், உலர்ந்த தேங்காய்ப்பூ போதும். உள்ளே பல்குத்தும் குச்சி சொருகி முட்டுக்கொடுப்பதும் வேண்டாம், யாராவது கடித்துவிடுவார்கள்.

ஏம்மா, எல்லாம் சர்க்கரையும் சாக்லேட்டுமாவே இருக்கே. நம்ம பலகாரத்துல கட்ட முடியாதா? (ஹலசூரு, ஒரு பாட்டி)

பாட்டி, இந்தக் கேள்வி ஒன்றுக்காகவே உங்களுக்கு ஒரு வீடு கட்டித் தரலாம்! சதுரமாகத் தட்டிய கடலை மிட்டாய்தான் சுவர், பார்க்கச் செங்கல் கட்டடம் போலவே இருக்கும். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டிச் சரக்கு கிடைத்தால் இன்னும் விசேஷம். கனம் அதிகம் என்பதால் சுவர் ஒரு சாணுக்கு மேல் போக வேண்டாம், காம்பவுண்ட் சாக்லேட்டில்தான் ஒட்ட வேண்டும். கூரைக்கு ரிப்பன் பக்கோடாவை வரிசையாக அடுக்குங்கள், ஓலை வேய்ந்த மாதிரியே வரும். முள்முறுக்கை உடைத்தால் வேலி, சீடை தூவினால் முற்றத்துக் கூழாங்கல், வாசலில் பொரி உருண்டை. இதே குடிசையைப் பொங்கலுக்கும் கட்டலாம், கரும்புத் துண்டு இரண்டைத் தூணாக நிறுத்தினால் ஆயிற்று. வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை யாராவது வருகிறதா என்று மட்டும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

வீட்டின் மேல் பனி மாதிரி தூவுவதற்குத் துருவிய பச்சைத் தேங்காய் போடாதீர்கள், ஒரே நாளில் ஊசிப்போகும்.

ஜெல்லி மிட்டாய், மார்ஷ்மெலோ சைவமா? (ஜெயநகர்)

பெரும்பாலும் விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் சேர்ந்தது, அதாவது அசைவம். பாக்கெட்டில் பச்சை வட்டம் இருக்கிறதா, பழுப்பு முக்கோணம் இருக்கிறதா என்று பாருங்கள். பழத்திலிருந்து எடுக்கும் பெக்டின் அல்லது கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் சேர்த்த ஜெல்லியும் கிடைக்கிறது.

ஆன்ட்டி, கண்ணாடி ஜன்னல் எப்படி வைப்பது? (மத்திகெரே, ஐந்தாம் வகுப்பு)

நல்ல ஆசை! கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட கதையில் காட்டுக்குள் ஒரு தின்னும் வீடு வரும். ரொட்டிச் சுவர், கேக் கூரை, ஜன்னல் சர்க்கரையில். ஓவன் இருந்தால் மிட்டாயைப் பொடித்து உருக்கி அப்படிச் செய்யலாம். நாம் ஜுஜுப்ஸை மெல்லிசாக வெட்டி, வேஃபர் சட்டத்துக்குள் ஒட்டலாம். கத்தி அம்மா கையில்.

வைத்த அன்றே எறும்பு. (பானஸ்வாடி)

அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, வீட்டுத் தட்டை அதன் மேல் வையுங்கள். எறும்புச் சாக்பீஸால் சுற்றிக் கோடு போடாதீர்கள், அது பூச்சிமருந்து. ஃப்ரிட்ஜிலும் வைக்காதீர்கள், வெளியே எடுத்ததும் வியர்த்து எல்லாம் சொதசொதவென்று ஆகிவிடும். அழகுக்கு வைக்கும் வீடு வேறு, தின்னும் வீடு வேறு என்று முதல் நாளே பிள்ளைகளிடம் பேசிவிடுங்கள். தின்பதை இரண்டு மூன்று நாளில் முடித்துவிட வேண்டும். பல கை பட்டு, ஒரு வாரம் கூடத்தில் தூசி தின்ற வீட்டை எடுத்து வாயில் போட விடாதீர்கள்.

விடுமுறைக்குச் சென்னை போகிறோம். கட்டிய வீட்டை ரயிலில் தாத்தாவிடம் கொண்டுபோக மகள் அடம்பிடிக்கிறாள். (ராமமூர்த்தி நகர்)

கிருஷ்ணராஜபுரம் தாண்டுவதற்குள் கூரை மடியில் கிடக்கும். சென்னை ஈரக்காற்றில் ஐசிங்கும் இளகும், பிஸ்கட்டும் நமத்துவிடும். பிரிக்காத பாக்கெட்டுகள், காம்பவுண்ட் கட்டி, மிட்டாய் டப்பா, சுவர், கூரை அளவுக்குக் கத்தரித்து வைத்த அட்டை, இவற்றை ஒரு பையில் போட்டுக் கொடுங்கள். அங்கே போய்க் கட்டட்டும். சுவர் இறுகும் வரை பிடித்துக்கொள்ளத் தாத்தா இருக்கிறார்.