கழிவுக் கிழங்கை ஊறவைத்து மருந்தோடு கலக்கலாமா?

கேள்வி: கந்தப்பளையில் லீக்ஸும் உருளைக்கிழங்கும் போடுகிறேன் ஐயா. லீக்ஸ் இலையில் மருந்து நிற்பதே இல்லை, உருண்டு கொட்டிவிடுகிறது. சலவைத்தூள் கலந்தும் அடித்துப் பார்த்தேன். கழிவுக் கிழங்கில் பற்றீரியா வளர்த்தால் சவர்க்காரம் மாதிரி ஒன்று கிடைக்குமாம், மகன் யூடியூப்பில் பார்த்திருக்கிறான். விலைபோகாத கிழங்கு மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. பீப்பாயில் ஊறவைத்து அடிக்கலாமா?

பதில்: மகன் பார்த்தது பொய்யில்லை. ஆனால் பீப்பாய்த் தண்ணீரைத் தோட்டத்தில் அடிக்காதீர்கள்.

பசிலஸ் சப்டிலிஸ் என்ற பற்றீரியா சர்ஃபாக்டின் என்றொரு சவர்க்காரம் மாதிரியான பொருளைச் சுரக்கும். தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை, அதாவது துளியை உருண்டையாகப் பிடித்து வைக்கும் விசை, 72 அலகு என்றால், அதைச் சுமார் 27க்கு இறக்கிவிடும். மாச்சத்தை உடைத்துத் தின்னும் என்பதால் அது கிழங்குக் கழிவிலும் வளரும். அமெரிக்காவின் ஐடஹோவில் கிழங்கு ஆலைக் கழிவுநீரில் இதை வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். இன்னொரு லாபமும் உண்டு: உருளைக்கிழங்கின் பின்வெளிறல் நோயைப் பரப்பும் நீந்தும் வித்திகளுக்குச் சுவர் கிடையாது, இந்த வகைப் பொருட்கள் பட்டால் அவை வெடித்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், பற்றீரியா வளர்ப்பது கஷ்டமில்லை, அந்த ஒன்றை மட்டும் வளர்ப்பதுதான் கஷ்டம். ஆய்வுகூடத்தில் கழிவை அவித்துக் கிருமி நீக்கி, அந்தப் பற்றீரியாவை மட்டும் தூய்மையாக விட்டு, 30 பாகைக்கு மேல் சூடு வைத்து, இடைவிடாமல் காற்று ஊதுவார்கள். பொங்கி வரும் நுரையைத் தனியே பிடித்து, அமிலம் விட்டு அடியில் படிய வைப்பார்கள். இவ்வளவுக்கும் லீற்றருக்குச் சில கிராம் கிடைத்தாலே பெரிது. நுவரெலியாப் பக்கக் குளிரில், சராசரி 16 பாகையில், திறந்த பீப்பாயில் வளர்வது வேறு கூட்டம். நுரை வந்தாலும் ஏமாறாதீர்கள், கிழங்கின் புரதமும் நுரைக்கும்.

அதைவிடப் பெரிய பயம் பற்றீரிய வாடல். கழிவுக் கிழங்கில் ஒன்றை வெட்டிப் பாருங்கள். தோலுக்கு உள்ளே ஓடும் வளையத்தில் பால்போல் கசிந்தால் அந்த நோய்தான். அந்தத் தண்ணீரை அடிப்பது, நோயை நீங்களே வாளியில் அள்ளிப் பாத்தி பாத்தியாக ஊற்றுவதற்குச் சமம். ராம்னோலிப்பிட் என்ற இன்னொரு வகைச் சவர்க்காரப் பொருளைத் தரும் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பற்றீரியா, கையில் காயம் இருந்தால் மனிதருக்கே தொற்றும். வீட்டில் விளையாடும் சாமான் இல்லை அது.

சலவைத்தூளையும் விட்டுவிடுங்கள். அதிலுள்ள சோடா இலையைக் கருக்கும், சில மருந்தின் வீரியத்தையும் குறைக்கும். உங்கள் உண்மையான பிரச்சினை லீக்ஸ் இலையின் மெழுகு. அதற்கென்று விற்கும் ஒட்டுத் திரவம் கடையில் உண்டு. லேபிளில் உள்ள குறைந்த அளவில் தொடங்குங்கள். டேங்கில் ஊற்றுமுன் ஒரு போத்தலில் சிறிது கலந்து, லீக்ஸ் இலையில் ஒரு சொட்டு விடுங்கள். வெறும் தண்ணீர் மணிபோல் உருளும். சரியான கலவை தட்டையாகப் படுத்து அங்கேயே நிற்கும். பரவி நுனியால் வழிந்தால் கூடிவிட்டது, குறையுங்கள். நான் கேட்டவரைக்கும், பலர் ஒட்டவில்லையென்று மருந்தைத்தான் கூட்டுகிறார்கள். காசும் போகிறது, மண்ணும் கெடுகிறது.

மகனுக்கு ஆர்வம் இருந்தால் குறை சொல்லாதீர்கள். பேராதனைப் பல்கலைக்கழக விவசாய பீடத்திலோ சீதா எலிய ஆராய்ச்சி நிலையத்திலோ விசாரிக்கச் சொல்லுங்கள். ஆனால் தயாரித்து பயிர்நோய் மருந்தாக விற்க நினைத்தால், 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிச் சட்டப்படி பதிவு வேண்டும்.

கிழங்கு மூட்டைகளா? நல்லதைப் பிரித்து மாட்டுக்கு நறுக்கிப் போடலாம், கொஞ்சம் கொஞ்சமாக. பச்சை ஏறியதும் முளைவிட்டதும் கூடாது, விஷம். அழுகியதைக் கானுக்குப் பக்கத்தில் கொட்டாதீர்கள். மழைக்குக் கரைந்து கீழ்த்தோட்டக்காரருக்குப் போய்ச்சேரும். தண்ணீர் ஓடாத மேட்டில் ஆழக் குழி வெட்டிப் புதையுங்கள், அந்தக் குழிமண்ணைப் பாத்திக்கு எடுக்க வேண்டாம்.