விரல் எங்கே நிற்கிறது என்று சொல்லுங்கள்

வங்கியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், கோத்தகிரிக்காரர், பார்வையற்றவர். செல்போன், கம்ப்யூட்டர் செயலிகளை எப்படிப் பயன்படுத்துவது என்று பேசிப் பதிவு செய்து, பார்வையற்ற நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வருகிறார். அந்த ஒலி டெமோக்கள் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் அவரே பதில் சொல்கிறார்.

சர்க்கரை நோயால் பார்வை போய்விட்டது. மகன் போனில், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் டாக்பேக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். யூடியூபில் சொல்லித் தருகிறார்கள் என்றார்கள். கேட்டால் ஒன்றும் பிடிபடவில்லை. வயசாகிவிட்டதால்தானா?
– ஒரு வாசகர், கோத்தகிரி

வயசை விடுங்கள் ஐயா. நீங்கள் கேட்டது கண் தெரிந்தவர்களுக்காக எடுத்த வீடியோவாக இருக்கும். ‘மேலே மூணு புள்ளி இருக்கு பாருங்க, அதைத் தொடுங்க’ என்பார்கள். டாக்பேக் ஓடுகிற போனில் ஒரு முறை தொட்டால் எதுவும் திறக்காது. விரலுக்குக் கீழே இருப்பதன் பெயரை மட்டும் சொல்லும். திறக்க வேண்டுமென்றால் இரண்டு முறை தட்ட வேண்டும். விரலை வலப்பக்கம் தள்ளினால் அடுத்த பொருள், இடப்பக்கம் தள்ளினால் முந்தைய பொருள். இந்த நாலும் தெரியாமல் எந்த வீடியோவைக் கேட்டாலும் தலைதான் சுற்றும்.

முதலில் போனுக்குள்ளேயே இருக்கும் பாடத்தை முடியுங்கள். அமைப்புகளில் ‘அணுகல்தன்மை’, அதற்குள் டாக்பேக், அதன் அமைப்புகளில் பயிற்சிப் பாடம் இருக்கும். சில போன்களில் பெயர்கள் கொஞ்சம் மாறும். அங்கே போக முதல் தடவை யாராவது கைகொடுக்கட்டும்.

அப்புறம் டெமோவுக்கு வாருங்கள். தேடும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சொல்லித் தருபவரின் குரலோடு டாக்பேக்கின் குரலும் காதில் விழுகிறதா? விழுந்தால் மேலே கேளுங்கள், இல்லாவிட்டால் அடுத்ததற்குப் போங்கள். டெமோவை வீட்டில் வேறு யாருடைய போனிலாவது ஓடவிட்டு, உங்கள் போனில் செய்து பாருங்கள். ஒரே போனில் இரண்டும் என்றால் டாக்பேக் ஒரு பக்கம் பேசும், டெமோ ஒரு பக்கம் பேசும், சந்தைக்கடைதான்.

இன்னொன்று. ஒலியைக் கூட்டும் பட்டன், குறைக்கும் பட்டன் இரண்டையும் சேர்த்துச் சில வினாடி அழுத்திப் பிடித்தால் டாக்பேக் போகும், மறுபடி அப்படியே செய்தால் வரும். பெரும்பாலான போன்களில் இந்த வசதி உண்டு. லீவுக்கு வரும் மகன் தன் வசதிக்கு டாக்பேக்கை நிறுத்திவிட்டு அப்படியே ஊருக்குப் போனால், அன்றைக்கு இது உதவும்.

என் தம்பிக்குப் பார்வை இல்லை. எனக்குக் கண் தெரியும். அவனுக்காக நானே டெமோ பதிவு செய்து அனுப்ப ஆசை. ஒன்று அனுப்பினேன். ‘அக்கா, நீ என்ன செய்யறேன்னே தெரியல’ என்கிறான். எங்கள் வீடு தகரக் கூரை, மழை பிடித்துக்கொண்டால் பேச்சே கேட்காது.
– ஒரு வாசகி, கூடலூர்

மழையிலிருந்தே தொடங்குகிறேன். ஜூன், ஜூலையில் கூடலூரில் பதிவு செய்வதென்றால் மழை விடுகிற நேரம் பார்த்துத்தான் உட்கார வேண்டும். கட்டில் மேல் கம்பளியைத் தலைவரை போர்த்திக்கொண்டு பேசினால் எதிரொலி குறையும். தகரச் சத்தத்துக்கு அது போதாது.

பதிவுக்கு இரண்டு போன் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் செயலி, இன்னொன்றில் குரல் பதிவு. ஆண்ட்ராய்டின் ஸ்கிரீன் ரெக்கார்டரில் போனின் உள்ளொலியை மட்டும் பதிவு செய்தால், பாட்டும் வீடியோச் சத்தமும் விழும், டாக்பேக்கின் குரல் பெரும்பாலும் விழாது. அந்தக் குரல் தனித் தடத்தில் போகிறது. முழுசாகப் பேசி முடித்துக் கேட்டுப் பார்த்தால் உங்கள் பேச்சும் இருக்காது, அதன் குரலும் இருக்காது.

அடுத்தது, டாக்பேக்கில் திரையை மறைக்கும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். திரை தெரிந்தால் கண் முந்திக்கொள்ளும். விரல் நேராக வேண்டிய இடத்துக்குப் போய்விடும், வாய் ‘இதோ இங்க’ என்று சொல்லிவிடும். தம்பிக்குத் தெரியாமல் போனது அந்த இடம்தான். விரல் இப்போது எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் தள்ளுகிறீர்கள், என்ன கேட்டதும் நிறுத்துகிறீர்கள், இதை ஒவ்வொரு தடவையும் சொல்லுங்கள்.

‘ஏழு தடவை வலப்பக்கம் தள்ளு’ என்று கணக்குச் சொல்வோரும் உண்டு. எனக்கு அது பிடிக்காது. உங்கள் வாட்ஸ்அப்பில் ஏழாவதாக இருப்பது தம்பியின் வாட்ஸ்அப்பில் பத்தாவதாக இருக்கும். நடுவில் ஒரு விளம்பரம் வந்தாலே கணக்கு போச்சு. மாறாக இப்படிச் சொல்லலாம்: ‘விரலைக் கீழ் ஓரத்தில் வைக்கிறேன். செய்தி எழுதும் பெட்டி என்று சொல்கிறது. வலப்பக்கம் தள்ளிக்கொண்டே போகிறேன். குரல் செய்தி, பட்டன் என்று கேட்கிறது. இங்கே நின்று இரண்டு முறை தட்டி, இரண்டாவது தட்டில் விரலை எடுக்காமல் பிடித்துக்கொள்கிறேன்.’ கேட்க வேண்டிய சொல்தான் அவனுக்கு மைல்கல். அந்த நேரத்தில் டாக்பேக் பேசும்போது நீங்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள், அது முடித்த பிறகு பேசுங்கள்.

எங்காவது தடுமாறினால் வெட்டி எறியாதீர்கள். ‘பெயரில்லாத பட்டன்’ என்று சொல்லும் இடங்கள் நிறையச் செயலிகளில் உண்டு. செய்தவர் பெயர் வைக்க மறந்திருப்பார். ஒரு வங்கிச் செயலி புதுப்பித்த மறுநாள், பணம் அனுப்பும் பக்கத்தில் பாதிப் பட்டன்கள் இப்படி ஊமையாகிப் போய், எனக்கு வந்த போன்களுக்குக் கணக்கில்லை. டாக்பேக் மெனுவில் பல பட்டன்களுக்கு நாமே ஒரு பெயர் வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. அதையும் அங்கேயே செய்து காட்டினால் தம்பிக்கு இரட்டை லாபம். எல்லாம் வழுக்கிக்கொண்டு போகிற டெமோ கேட்க அழகாக இருக்கும். கேட்டவன் மாட்டிக்கொள்ளும் இடத்தில் அதில் ஒன்றும் இருக்காது.

கடைசியாக, இது முக்கியம். ஜீபே, போன்பே போன்றவற்றுக்கு டெமோ செய்தால் பின் நம்பர் பக்கம் வருவதற்கு முன்பே பதிவை நிறுத்திவிடுங்கள். எண்பலகையில் விரல் நகர நகர டாக்பேக் ஒவ்வொரு எண்ணாகப் படிக்கும். வங்கியிலிருந்து வரும் ஓடிபியையும் வந்த கையோடு சத்தமாகப் படிக்கலாம். ‘தொந்தரவு செய்யாதே’ போட்டுவிட்டு ஆரம்பியுங்கள். மாமியார் அனுப்பிய செய்தியும் டெமோவில் சேர வேண்டாம், பாருங்கள்!

தெரிந்தவர்கள் அனுப்பும் டெமோவில் போன் பேசும் வேகம் எனக்குப் புரிவதே இல்லை. அது தமிழா என்றே சந்தேகமாக இருக்கிறது.
– கல்லூரி மாணவர், குன்னூர்

தமிழ்தான் தம்பி. தினமும் கேட்டுப் பழகியவர்கள் வேகத்தை ஏற்றி வைத்திருப்பார்கள், நானும்தான். டெமோ செய்யும்போது குறைக்காதது அவர்கள் தவறு, தயங்காமல் சொல்லுங்கள். உங்கள் போனில் மூன்று விரலால் பக்கவாட்டில் தள்ளினால் வாசிப்புக் கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாக வரும். பேச்சு வேகம் வந்ததும் ஒரு விரலால் மேலும் கீழும் தள்ளி மாற்றலாம்.

மகளுக்கு லேப்டாப் வாங்கப் போகிறோம். பார்வையற்றோருக்கான சாஃப்ட்வேர் பெரிய விலை என்று பயமுறுத்துகிறார்கள்.
– ஒரு தாய், பண்ணைக்காடு, கொடைக்கானல் மலை

கம்ப்யூட்டர் திரையைப் படித்துச் சொல்லும் சாஃப்ட்வேர்களில் ஜாஸ் என்பது விலை கொடுத்து வாங்குவது. என்விடிஏ இலவசம். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-ல் எழுதத் தொடங்கியது. பார்வையற்றவரான ஜேம்ஸ் டே என்ற நண்பரும் பிறகு சேர்ந்துகொண்டார். சுமாரான லேப்டாப்பிலும் ஓடும், தமிழும் படிக்கும். மகளுக்கு அதுவே போதும், மிச்சப்படும் பணத்துக்கு நல்ல ஹெட்போன் வாங்கிக் கொடுங்கள்.

கம்ப்யூட்டர் டெமோ, போன் டெமோவைவிடச் சுலபம் அம்மா. விரலைத் தேட வேண்டாம், விசையின் பெயரைச் சொன்னால் போதும். இணையப் பக்கத்தில் எச் விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவும். முதல் வாரம் வேறு எதுவும் வேண்டாம். இன்சர்ட் விசையைப் பிடித்துக்கொண்டு 1-ஐ அழுத்தினால், எந்த விசையைத் தட்டினாலும் அதன் பெயரை மட்டும் சொல்லும், வேலை எதுவும் நடக்காது. மறுபடி அதையே அழுத்தினால் பழையபடி ஆகிவிடும். மகள் இஷ்டத்துக்குத் தட்டி விளையாடட்டும்.

ஊட்டி மார்க்கெட்டில் காய்க்கடை. பார்வை மங்கிவிட்டது, நோட்டுகள் குழம்புகின்றன. நெட்டும் அடிக்கடி போகிறது.
– ஒரு வியாபாரி, ஊட்டி

ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் வெளியிட்ட ‘மணி’ செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். இறக்கிய பிறகு நெட் தேவையில்லை. கேமரா முன் நோட்டைக் காட்டினால் எத்தனை ரூபாய் என்று சொல்லும், மடித்த நோட்டையும் அடையாளம் காணும். நல்ல நோட்டா கள்ள நோட்டா என்று சொல்லாது, அதை நம்பி ஏமாறாதீர்கள். நோட்டை இடது கையில் பிடித்து, போனை அதன்மேல் ஒட்டி வைத்து, அங்கிருந்து மெதுவாக ஒரு சாண் தூக்குங்கள். கடையில் கூட்டம் இருக்கும்போது முயல வேண்டாம், காலையில் மூட்டை பிரிக்கும் முன் பழகிக்கொள்ளுங்கள்.