அமீபாவுக்கு இதயம் இல்லை, நமக்கு மட்டும் ஏன்?

அமீபா இதயமும் ரத்தமும் இல்லாமலே வாழ்கிறதே, நமக்கு ஏன் அவை என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாம் தூரம் படுத்தும் பாடு.

ஆக்சிஜன் மூலக்கூறுகள் நீரில் முட்டி மோதி, அதிகம் உள்ள இடத்திலிருந்து குறைவான இடத்துக்குத் தானாகப் பரவும். சிக்கல் என்னவென்றால், தூரம் 10 மடங்கானால் நேரம் 100 மடங்காகிவிடும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக் கடக்க ஒரு நொடிகூட ஆகாது. ஒரு மில்லிமீட்டருக்குச் சில நிமிடங்கள். ஒரு சென்டிமீட்டருக்கோ பல மணி நேரம்! அதற்குள் செல் செத்தே போகும்.

சாதாரண அமீபா ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது; அதற்குப் பரவலே போதும். தட்டைப்புழு பல செல் உயிரிதான், ஆனால் உடம்பு தாள் மாதிரி மெல்லியது என்பதால் சமாளித்துவிடுகிறது.

நம் உடம்போ தடிமன். அதனால்தான் இதயம், ஆக்சிஜனைச் சுமக்கும் ரத்தத்தைத் தந்துகிகள் என்னும் மிக நுண்ணிய ரத்தக்குழாய்கள் வரை தள்ளிவிடுகிறது. தந்துகி எவ்வளவு ஒடுக்கம் என்றால், சிவப்பணுக்கள் வளைந்து நெளிந்து ஒற்றை வரிசையில்தான் போக வேண்டும். அதன் சுவர் ஒரே ஒரு செல் தடிமன். அங்கிருந்து செல்லுக்குள் நுழையும் கடைசித் துளி தூரம் நமக்கும் அதே பரவல்தான்.

அப்புறம், நம் உடம்பிலேயே பரவலை நம்பி வாழும் ஓர் இடம் உண்டு: கண்ணின் முன்பக்கத்தில் கண்ணாடி மாதிரி இருக்கும் கார்னியா. அதில் ரத்தக்குழாயே கிடையாது. விழித்திருக்கும்போது, கண்ணீர்ப் படலம் வழியாகக் காற்றிலிருந்தே பெரும்பாலான ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது.