தள்ளுபடிச் செடியில் போன்சாய்: குனிந்து அடியைப் பாருங்கள்

கேள்வி: தொட்டியில் மரத்தைக் குட்டையாக வளர்க்கும் போன்சாய் மேல் ஆசை. தயாராக விற்கும் மரங்களின் விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. நர்சரியில் ஒதுக்கி வைத்து விலை குறைத்துத் தரும் செடிகளை வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

தாராளமாக வாங்கலாம். உச்சி ஒடிந்தது, ஒரு பக்கமாகச் சாய்ந்தது, விலைபோகாமல் வருஷக்கணக்கில் நின்று அடி பருத்தது என்று நர்சரியில் கழித்துவிடும் செடிகளில்தான் நல்ல போன்சாய் கிடைக்கும். கிளையை இரண்டு மூன்று வருஷத்தில் வளர்த்துவிடலாம். அடிமரம் பருக்கத்தான் காலம் பிடிக்கும். சின்னத் தொட்டிக்கு மாற்றிவிட்டால் இன்னும் மெதுவாகிவிடும்.

அதனால் இலையின் செழிப்பைப் பார்த்து மயங்காமல் குனிந்து அடியைப் பாருங்கள். கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மேல்மண்ணை விரலால் ஓர் அங்குலம் விலக்குங்கள். பல செடிகளை ஆழமாகப் புதைத்திருப்பார்கள். உள்ளே தண்டு அகன்று, நாலா பக்கமும் வேர் பிரிந்து ஓடினால் அந்தச் செடியைக் கையிலிருந்து விடாதீர்கள். தண்டு மேலே போகப் போகச் சிறுக்க வேண்டும், தாழ்வாகவே கிளைகள் வேண்டும். ஒட்டுக்கட்டிய இடம் புடைத்திருந்தால் வேண்டாம், அந்த வீக்கம் பிற்பாடு இன்னும் உறுத்தும்.

வடிவம் கெட்டிருந்தால் பரவாயில்லை, நோய் இருக்கக் கூடாது. நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரிய வேண்டும். மண்ணில் அழுகல் வாடை அடித்தாலோ, கணுக்களில் வெள்ளைப் பஞ்சு போல மாவுப்பூச்சி ஒட்டியிருந்தாலோ இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

முதல் செடிக்கு ஃபைகஸ் (ஆல், அரச மர இனம்) அல்லது காகிதப்பூ நல்லது. ஆரோக்கியமாக இருந்தால் தண்டை மொட்டையாக வெட்டினாலும் துளிர்க்கும். ஊசியிலை மரங்களான ஜூனிப்பரும் பைனும் அப்படியல்ல. பச்சை இலை முழுவதையும் எடுத்துவிட்ட கிளை காய்ந்துவிடும். பூச்செடிகள் பூத்து ஓய்ந்ததும் விலை இறங்கும், அப்போது போய்ப் பின்வரிசையைப் பாருங்கள்.

அப்புறம் முக்கியமான ஒன்று, அவசரம் வேண்டாம். உச்சி ஒடிந்த ஜூனிப்பர் ஒன்றை வாங்கி வந்த அன்றே கிளை கழித்து, வடிவம் கொடுக்கக் கம்பி சுற்றி, வேரையும் வெட்டித் தொட்டி மாற்றினேன். சில வாரம் பச்சையாகவே நின்றது. பிழைத்துவிட்டது என்றே நம்பியிருந்தேன். பிறகு ஒரேயடியாகப் பழுத்துவிட்டது. வேர் செத்த பிறகும் ஜூனிப்பர் வாரக்கணக்கில் பச்சை காட்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. இன்றும் அந்த மரத்தை நினைத்தால் மனசு கேட்பதில்லை.

ஒதுக்கிய செடிகளில் வேர் நெருங்கி, மண் நடுவில் காய்ந்து கெட்டித்திருக்கும். மேலே ஊற்றும் தண்ணீர் ஓரமாக வழிந்து போய்விடும். எனவே வீட்டுக்கு வந்ததும் தொட்டியோடு வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி நின்றதும் எடுத்து வடியவிடுங்கள். புதுத் துளிர் நன்றாக ஓடும்வரை கத்தரியைத் தொடாதீர்கள். கிளை வெட்டுவதை முதலில் செய்யுங்கள். செடி அதிலிருந்து தேறியதும், அந்த வகைக்கு ஏற்ற பருவம் பார்த்து வேரைத் தொடலாம்.