பழிவாங்குவது யார்?

கேள்வி: எங்கள் வீட்டில் நான்கு பூனைகள். குளியலறையில் இரண்டு மணல் பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறோம். மூன்று பூனைகள் ஒழுங்காக அங்கே போகின்றன. கடைசியாக வந்தது மட்டும் கட்டிலிலும் அழுக்குத் துணிக் கூடையிலும் சிறுநீர் கழிக்கிறது. மூக்கைப் பிடித்து அதிலேயே தேய்த்தேன், அடித்தும் பார்த்தேன், திருந்தவில்லை. வேண்டுமென்றே பழிவாங்குகிறது. அதை யாருக்காவது கொடுத்துவிடலாமா?

பதில்: பழிவாங்கத் திட்டம் போடுமளவுக்குப் பூனைக்கு உங்கள்மேல் அக்கறை கிடையாது. அதற்கு மூத்திரம் வந்தது, பெட்டிக்குப் போக முடியவில்லை, அவ்வளவுதான். ஏன் முடியவில்லை என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கடைக்குட்டி ஆணா பெண்ணா என்று எழுதவில்லை. ஆணாக இருந்து, அடிக்கடி உட்கார்ந்து முக்கியும் சொட்டுக்கூட வரவில்லை என்றால், மீதியை அப்புறம் படிக்கலாம். உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் குறுகலானது. அது அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும். அடைப்பு இல்லாவிட்டாலும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டுவது அவசியம். சிறுநீர்ப்பை அழற்சி, சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, வயதான பூனைக்கு மூட்டுவலி என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம். வலியோடு மணலில் உட்கார்ந்த பூனை, வலிக்குக் காரணமே அந்தப் பெட்டிதான் என்று முடிவு கட்டிவிடும். நோயில் அடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நோய் இல்லை என்றால், கணக்குக்கு வருவோம். பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டினால் வருவதுதான் பெட்டிகளின் எண்ணிக்கை. உங்களுக்கு ஐந்து வேண்டும். இருப்பது இரண்டு. உண்மையில் இரண்டும் இல்லை, பக்கத்தில் பக்கத்தில் வைத்த பெட்டிகளைப் பூனைகள் ஒன்றாகத்தான் எடுத்துக்கொள்ளும். அதற்கும் ஒரே வாசல். அந்த வாசலில் மூத்த பூனை ஒன்று சாவகாசமாகப் படுத்திருக்கும். உங்கள் கண்ணுக்கு அது தூக்கம், கடைக்குட்டிக்குச் சுங்கச்சாவடி. சீறல், அடிதடி எதுவும் நடக்காது. ஒரு முறைப்பு போதும். அதனால்தான் நான்கும் நன்றாகப் பழகுகின்றன என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

கட்டிலை அது தேர்ந்தெடுத்ததும் சும்மா இல்லை. மேலே ஏறினால் நாலு பக்கமும் தெரியும், யாரும் மூலையில் மடக்க முடியாது, மெத்தை ஈரத்தை உடனே உறிஞ்சிவிடும். பாவம், இருக்கிறதிலேயே பாதுகாப்பான கழிப்பறையைத்தான் அது பிடித்திருக்கிறது.

ஆகவே பெட்டிகளை வெவ்வேறு அறைகளில் பிரித்து வையுங்கள். ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியக் கூடாது. மூடி போட்ட பெட்டி உங்கள் மூக்குக்கு வசதி, உள்ளே இருக்கும் பூனைக்கோ தப்ப வழியில்லாத பொறி. பூனையின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு நீளம், வாசனை சேர்க்காத பொடி மணல், தினமும் அள்ளுதல். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

கறைபட்ட இடத்தைச் சாதாரண சோப்பால் கழுவினால் உங்களுக்குத்தான் வாடை போகும், பூனைக்குப் போகாது. சிறுநீரைச் சிதைக்கும் என்சைம் கலந்த கிளீனரே வேண்டும். அம்மோனியா கலந்தது ஆகாது. அதன் நெடி மூத்திர நெடியைப் போலவே இருப்பதால் மறுபடியும் வா என்று அழைத்த மாதிரி ஆகிவிடும். பினாயில் வகையறா பூனைக்கு விஷம்.

நின்ற வாக்கில் வாலை நடுக்கிக்கொண்டு சுவரில் பீச்சினால் அது எல்லை குறிப்பது, வேறு விவகாரம். கருத்தடை செய்யாவிட்டால் முதலில் அதைச் செய்யுங்கள்.

மூக்கைத் தேய்த்த கதைக்கு வருகிறேன். அதில் பூனை கற்றுக்கொண்ட ஒரே பாடம், உங்கள் கண்ணில் படாமல் போக வேண்டும் என்பதே. சோபாவுக்குப் பின்னால் ஒருமுறை பாருங்கள்.

கொடுத்துவிடலாமா என்று கேட்டீர்கள். தாராளமாகக் கொடுக்கலாம். அப்போதும் மூன்று பூனைகள், இரண்டு பெட்டிகள், ஒரு வாசல். மிச்சமிருப்பதில் பயந்த பூனை எது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து கட்டிலுக்கு வரப்போவது அதுதான்.