நின்றால் சூடேறும் வேன்

கேள்வி: என் பழைய டீசல் வேன் வேகமாக ஓடும்போது வெப்பமானி முள் நடுவிலேயே நிற்கிறது, நெரிசலில் நின்றால் சிவப்பைத் தொடுகிறது. எஞ்சின் சூடானதும் நீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடச் சொல்கிறார்கள். கழற்றலாமா?

பதில்: வேண்டாம், தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள்! ஓட்டத்தில் சூடு ஏறவில்லை என்றால் தெர்மோஸ்டாட் திறக்கிறது, பம்பும் நீரைச் சுழற்றுகிறது. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் டீசலைக் குடிக்கும், சீக்கிரம் தேயும்.

ஓடும்போது எதிர்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நின்றுவிட்டால் அந்த வேலை முழுவதும் ஃபேனுடையது. என் சந்தேகமும் அதன்மேல்தான். மின்சார ஃபேன் என்றால் ஃப்யூஸ், ரிலே (ஃபேனுக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்), சூடானதும் ஃபேனை ஓடவைக்கும் வெப்ப சுவிட்ச் ஆகியவற்றைப் பாருங்கள். பெல்ட்டில் ஓடும் ஃபேனில் பிசுபிசுப்புத் திரவக் கிளட்ச் (சூடு ஏறியதும் ஃபேனை இறுகப் பிடித்துச் சுழற்றும் இணைப்பு) இருந்தால், முள் ஏறியதும் எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, கையுறையுடன் ஃபேனைச் சுண்டுங்கள். தடையின்றிப் பல சுற்று சுழன்றால் கிளட்ச் போய்விட்டது. ஃபேனைச் சூழ்ந்த கூடு உடைந்திருந்தாலும் காற்று ரேடியேட்டர் வழியே இழுபடாது. பழைய வண்டிகளில் பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் பாருங்கள். மூடி தாங்கும் அழுத்தத்தால்தான் நீர் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. ஆனால் எஞ்சின் நன்றாக ஆறும்வரை அந்த மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் பீறிட்டு முகம் வெந்துவிடும்.