கல்லடித் தம்பியின் இரண்டடித் தொட்டி: லைட்டைத் தொடாதீர்கள்

தம்பி, விறாந்தையில் இரண்டடிக் கடல்நீர்த் தொட்டி, அதற்குச் செடிகளுக்கு வாங்கின வெள்ளை எல்இடி, கடையில் வாங்கிய காளான் பவளம் (காளான் குடை மாதிரி விரிகிற பவளம்) ஒரு மாதத்தில் சுருங்கிவிட்டது, லைட்டைக் கூட்டட்டுமா என்று கேட்டிருந்தீர்கள்.

கூட்ட வேண்டாம். காளான் பவளம் மங்கின வெளிச்சத்திலேயே நன்றாக இருக்கும். எனக்குச் சந்தேகம் சூட்டில்தான். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் என்றால் வெறும் 56 லீட்டர், சூடான கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் நம்மூர் விறாந்தையில் அது மத்தியானம் 31, 32 பாகை செல்சியசுக்குப் போய்விடும், பவளத்துக்கு 25 முதல் 27 தான் நல்லது. தண்ணீரின் மேல் படுகிற மாதிரி ஒரு சின்ன ஃபேன் வையுங்கள். ஆவியாகிக் குறைவதற்கு ஆர்ஓ தண்ணீர் (வடிகட்டி உப்பு நீக்கின தண்ணீர்) மட்டும் ஊற்றுங்கள், உப்புத் தண்ணீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

தொட்டியை மாற்றுவதென்றால் 3 அடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி. 190 லீட்டர் வரும், சூடு மெதுவாகத்தான் ஏறும். அதைவிட உயரம் வேண்டாம், வெளிச்சம் அடிவரை இறங்காது.

பவளத்துக்கென்று புது லைட் பிறகு வாங்கலாம். 420 முதல் 460 நானோமீட்டர் நீலம் கூடியதாகப் பாருங்கள், பவளத்துக்குள் வாழும் பாசிக்கு அதுதான் சாப்பாடு. பாதி பலத்தில், நாளுக்கு 8 மணிநேரம் தொடங்கி, சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

தொட்டிக்கு மட்டக்களப்பு வாவித் தண்ணீர் வேண்டவே வேண்டாம், மாரி மழையில் அதில் உப்பு நன்றாகக் குறைந்துவிடும். பாசிக்குடாவில் உயிர்ப்பவளம் உடைத்து எடுப்பதும் வேண்டாம், அது சட்டப்படி குற்றம், 1998இல் கடல் சூடேறிப் பவளங்கள் வெளிறிப்போனதில் அடிபட்ட கடல் அது, பாவம்.

சரி, நாளை பின்னேரம் 2 மணிக்குத் தண்ணீரின் சூட்டை அளந்து இங்கே போடுங்கள்.